தாள் சாய்ந்த வெங்காயமும் தாவரவியல் டீச்சரும்

ஒரு உண்மையை ஒத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். என் கையால் செத்த செடிகளில் ஒன்றுகூடத் தண்ணீர் இல்லாமல் சாகவில்லை. எல்லாம் தண்ணீர் குடித்தே செத்தவை. தாம்பரம் வீட்டு பால்கனியில் மூன்று துளசி, ஒரு ரோஜா, ஒரு கற்றாழை. (கற்றாழையைச் சாகடிக்கத் தனித் திறமை வேண்டும்.) ஒரு இலை கொஞ்சம் வாடின மாதிரி தெரிந்தால் போதும், என் கை தானாகச் சொம்பைத் தேடும். "நீ பாசம் காட்டினா அது அழுகிடும் சுமதி" என்பார் என் வீட்டுக்காரர் சேகர். ரொம்பப் பேசாத மனுஷர். பேசினால் இப்படித்தான் பேசுவார்.

இதில் கூடுதல் கேவலம் என்னவென்றால், நான் தாவரவியல் டீச்சர். பத்தொன்பது வருஷமாகப் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செடி எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்று படம் போட்டு, பாகம் குறித்து, மார்க் போட்டவள்.

இப்படிப்பட்டவளுக்கு நாற்பத்தைந்து வயதில் நிலம் வாங்கும் பைத்தியம் பிடித்தது. கூட வேலை பார்க்கும் டீச்சர்கள் கூடுவாஞ்சேரிப் பக்கம் பிளாட் வாங்கிக் கல் நட்டுவிட்டு வந்தார்கள். எனக்குக் கல் வேண்டாம், மண்ணுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். தெரிந்தவர் மூலமாகப் பெரம்பலூர் பக்கம் ஒரு இடம் வந்தது. அரியலூர் போகிற பஸ்ஸில் ஏறி, நடுவில் இறங்கி, உள்ளே கொஞ்சம் நடந்தால் இரண்டு ஏக்கர் கரிசல். ஓரத்தில் பாறையை வெட்டி இறக்கின பெரிய சதுரக் கிணறு. எட்டிப் பார்த்தேன். ஆழத்தில் பச்சையாகத் தண்ணீர் கிடந்தது. அந்த நிமிஷமே மனசுக்குள் நான் விவசாயி ஆகிவிட்டேன்.

விற்பவர் பெயர் ராமசாமி. மகனோடு ஓசூரில் போய் இருக்கப் போகிறார். பக்கத்து இரண்டு ஏக்கர் அவருடைய செத்துப்போன அண்ணனுடையது. அதில் அண்ணன் மனைவி தனலட்சுமி அக்கா தனியாக வெள்ளாமை பார்க்கிறார். கிணறு மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. மூன்று நாள் இவர்கள் முறை, மூன்று நாள் அவர்கள் முறை. ஏழாம் நாள் யாரும் மோட்டார் போடக்கூடாது.

"ஏங்க, ஏழாம் நாள் என்ன?" என்று கேட்டேன்.

"அன்னைக்குக் கெணத்துக்கு லீவுங்க டீச்சர்" என்றார் ராமசாமி. "அதுவும் ஊறணும்ல."

எங்கள் பள்ளிக்கூடத்தில்கூட டீச்சர்களுக்கு இப்படி யோசித்து லீவு விட்டதில்லை. எனக்கு அந்த ஊர்மேல் மரியாதை வந்தது அந்தப் பதிலில்தான்.

எல்லாம் பேசி முடித்து, திங்கட்கிழமை பத்திரம் என்று வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமையே வந்து பெரம்பலூரில் ரூம் போட்டோம். சனிக்கிழமை பத்திரம் எழுதுபவர் காகிதங்களைப் புரட்டிவிட்டுத் தலையை ஆட்டினார். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டது வாய்ப்பேச்சில்தான். அதனால் தனலட்சுமி அக்காவும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் பத்திரம்.

"போடுவாங்கல்ல?" என்றேன்.

ராமசாமி பிடரியைச் சொறிந்தார். "இதுக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்தாங்க டீச்சர். ரெண்டு பேரையும் எங்க அண்ணி வேணாம்னுட்டாங்க. கெணத்துல பங்கு பாருங்க. வாங்குறவங்க எப்படின்னு அவங்க பாக்கணும்ல? கீழப்பழுவூர்ல மக வூட்டுக்குப் போயிருக்காங்க. நாளைக்கு மதியம் வந்துடுவாங்க. நீங்களே நேர்ல பேசிக்குங்க. எனக்கு ஜெயங்கொண்டத்துல ஒரு கல்யாணம்."

போகும்போது மோட்டார் ரூமைத் திறந்து காட்டினார். "பச்சைய அமுக்குனா ஓடும், செவப்ப அமுக்குனா நிக்கும். இன்னைலேர்ந்து மூணு நாளு நம்ம முறைதான். ஆசைக்கு ஓட்டிப் பாருங்க."

இந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ராத்திரி முழுக்க எனக்கு ஒரே கவலை. முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என்னைப் பார்த்ததும் "இவங்க நல்லவங்க, கையெழுத்துப் போடலாம்" என்று நினைக்க நான் என்ன செய்யவேண்டும்? பழம் வாங்கிக்கொண்டு போகலாம் என்றார் சேகர். பழம் எல்லாரும்தான் வாங்குவார்கள் என்றேன் நான்.

ஞாயிறு காலையில் முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினோம். வரப்பில் நடந்து கிணற்றடிக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் பக்கம் நிலம் உழுதுபோட்டுக் காய்ந்து கிடந்தது. தனலட்சுமி அக்கா பக்கம் வயல் முழுக்கச் சின்ன வெங்காயம். ஆனால் அத்தனை செடியும் தாள் மஞ்சளாகி, கழுத்து மடங்கி, தரையில் சாய்ந்து கிடந்தன. மண் வெடிப்பு விட்டிருந்தது. ஒரு செடிகூட நிமிர்ந்து நிற்கவில்லை.

"அய்யய்யோ, என்னங்க இது! அந்தம்மா ஊருக்குப் போன நேரத்துல பயிரு சாகுதே!"

"நம்ம வயல் இல்லையே சுமதி" என்றார் சேகர்.

"மனுஷங்கதானே நாம? செல்லுக்குள்ள தண்ணி இல்லன்னா விறைப்பழுத்தம் குறையும், விறைப்பழுத்தம் குறைஞ்சா இலை தொங்கும். பதினோராம் வகுப்புப் பாடம் இது!"

"ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே."

நியாயமான யோசனை. அப்போதுதான் அதைவிட நியாயமான யோசனை ஒன்று எனக்குள் உதித்தது. அக்கா மதியம் வந்து இறங்குகிறார். தன் பயிர் நிமிர்ந்து பச்சையாக நிற்பதைப் பார்க்கிறார். யார் காப்பாற்றியது என்று கேட்கிறார். நான் அடக்கமாகத் தலையைக் குனிகிறேன். கையெழுத்து! (இதில் பயிர்மேல் பாசம் பாதி, கையெழுத்துமேல் ஆசை பாதி. இன்றுவரை சேகர் இதை முழுக்க ஆசை என்றுதான் சொல்கிறார்.)

பச்சையை அமுக்கினேன். மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது. தொட்டியில் கொட்டின தண்ணீர் வாய்க்காலில் எங்கள் பக்கம் ஓட, நான் சுடிதாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு மண்வெட்டியால் அந்தப் பக்கத்து மடையை வெட்டித் திருப்பிவிட்டேன். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் ஏறியது. வெடித்த மண் சத்தம் போட்டுக் குடித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரோட்டில் மொபெட்டில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி உற்றுப் பார்த்தார். நான் பெருமையாகக் கை காட்டினேன். அவரும் கை காட்டிவிட்டுப் போய்விட்டார். ("டீச்சர்னாங்க, ஏதோ ஆராய்ச்சி பண்றாங்கன்னு நெனச்சேன்" என்று பிறகு சொன்னார்.)

பாதி வயலுக்குமேல் பாய்ந்திருக்கும். மதியத்துக்கு முன்னாலேயே ரோட்டில் பஸ் நின்றது. கையில் ஒரு கட்டைப் பையோடு ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் இறங்கி வேகவேகமாக வந்தார். வரப்பில் கால் வைத்ததும் நின்றார். வாய்க்காலைப் பார்த்தார். மோட்டார் ரூமைப் பார்த்தார். பை கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"யாரு தண்ணி விட்டது?"

வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி நான் கையைத் தூக்கினேன். "நான்தாங்க அக்கா! நல்லவேளை, நாங்க சீக்கிரம் வந்தோம்!"

தனலட்சுமி அக்காதான் அது. ஓடிப்போய்ச் சிவப்பை அமுக்கினார். திரும்பி ஓடிவந்து, என் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி, மடையை அடைத்தார். கடைசிப் பாத்தியின் கரையை வெட்டி, நின்ற தண்ணீரை வடியவிட்டார். அதற்கப்புறம்தான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏங்க, அது சாகலங்க. வெளைஞ்சிருக்கு. வெங்காயம் வெளைஞ்சா தாள் சாயும். சாஞ்சப்புறம் தண்ணிய நிறுத்திக் காயப்போடணும். பத்து நாளா நான் காயப்போட்டு வச்சிருக்கேன். நாளன்னைக்கி ஆளு சொல்லியிருக்கேன் புடுங்க."

நான் சுருட்டியிருந்த சுடிதாரை இறக்கிவிட்டேன்.

"இப்ப ஈரம் பட்டுதுல்ல? திரும்ப வேரு விடும், உள்ள தண்ணி ஏறும். இத நான் விக்கிறதுக்கு வைக்கலங்க. பட்டறை போட்டு அடுத்த நடவுக்கு வெதைக்கு வச்சுக்கிற வெங்காயம். ஈரத்தோட பட்டறையில போட்டா ஒண்ணு அழுகி, பக்கத்துல இருக்கிறதயும் அழுக வச்சிடும். அடுத்த வெள்ளாமைக்கு வெதையே இருக்காது எனக்கு."

பட்டறை என்பது குச்சியும் கீற்றும் வைத்து, காற்று புகுந்து வெளியேறும்படி வயலோரத்தில் கட்டும் வெங்காயக் கிடங்கு. அதோ, வரப்போரம் புதுசாகக் கட்டித் தயாராக நின்றது. காலையில் அதைப் பார்த்து "எவ்ளோ அழகான கோழிக்கூண்டு" என்று போட்டோ எடுத்திருந்தேன்.

அழுகை வந்தது. "அக்கா, என்ன ஆனாலும் நான் ஈடு கட்டிடறேன்" என்றேன். அவர் கேட்கக்கூட இல்லை. ரோட்டோரம் போய் நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து ஒரு குரல் கொடுத்தார். அவ்வளவுதான். அடுத்த வயலில் மக்காச்சோளம் ஒடித்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். "ஈரம் பட்டுடுச்சு, புடுங்கணும்!" என்றார் அக்கா. எப்படிப் பட்டது என்று ஒருத்தர் கேட்கவில்லை. மக்காச்சோளத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். மொபெட்காரர் திரும்பி வந்து, விஷயம் தெரிந்து, ஊருக்குள் போய் இன்னும் ஆட்களைக் கூட்டிவந்தார். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கறிக்குழம்பு அடுப்பில் இருந்திருக்கும். அரைமணி நேரத்தில் வயலில் இருபது முப்பது பேர்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் மேல் தொட்டி நிரம்பி வழிந்தால் வாட்ஸப் குரூப்பில் பதினேழு பேர் "தண்ணி வழியுது" என்று எழுதுவார்கள். ஒருத்தர் எழுந்து போய் ஸ்விட்சை அணைக்கமாட்டார். நானும் அதில் ஒருத்திதான்.

புடவைக்குமேல் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். சேற்றிலிருந்து ஒரு கொத்தைப் பிடித்து, ஒரு திருகு, ஒரு உதறு, பக்கத்தில் ஒரு வீச்சு. மண் தனியாக, வெங்காயம் தனியாக. பேச்சும் சிரிப்பும் ஒரு பக்கம் நடக்க, கை மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது. நானும் உட்கார்ந்தேன். இழுத்தேன். தாள் மட்டும் கையோடு வந்தது, வெங்காயம் சேற்றிலேயே இருந்தது. இன்னொன்றை இழுத்தேன். அது வந்தது, கூடவே நானும் மல்லாந்தேன். சேகர் பிடுங்கினதை அள்ளிக் கூடையில் சுமந்தார். பேசாத மனுஷர் என்பதால் அவருக்கு அங்கே உடனே நல்ல பெயர்.

"டீச்சர், தாளைப் புடிக்காதீங்க, கழுத்தைப் புடிங்க" என்றார் பக்கத்தில் இருந்த ஒரு சட்டைக்கார அக்கா. பத்து நிமிஷம் கழித்து, மெதுவாக, "பள்ளிக்கூடத்துல என்ன பாடம் எடுக்குறீங்க?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். இங்கிலீஷ் என்றிருக்கலாம். கணக்கு என்றிருக்கலாம்.

"தாவரவியல்."

"அப்டின்னா?"

"செடி கொடியப் பத்தி."

அந்த அக்கா அதை அடுத்த வரிசைக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். முதலில் சிரித்தது தனலட்சுமி அக்காதான். வரப்பில் கூடையை இறக்கிவைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம் ஒருத்தரும் அடக்கவில்லை. சட்டைக்கார அக்கா என் முதுகில் சேற்றுக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

பிடுங்கினதை எங்கே காயவைப்பது? பக்கத்தில் உழுதுபோட்டுக் காய்ந்து கிடந்த நிலம் ஒன்றுதான். அதாவது, நாளைக்கு நான் வாங்கவிருந்த, இனிமேல் வாங்கவே முடியாது என்று நான் முடிவுகட்டிவிட்ட நிலம். அதில் மெல்லிசாகப் பரப்பினார்கள். மத்தியானம் தனலட்சுமி அக்கா வேலை செய்தவர்களுக்குச் சோறு போட்டபோது எனக்கும் சேகருக்கும் சேர்த்தே தட்டு வைத்தார். தயிர்ச்சோறு. தொட்டுக்கொள்ள அதே வெங்காயம். "சாப்புடுங்க. வயிறு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே அழுதேன். காரத்தில் அழுவதாக எல்லாரும் நினைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

சாயங்காலம் அக்கா ஒரு வெங்காயத்தை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார். தண்ணீர் முதலில் பாய்ந்த வாய்க்கால் ஓரத்து வெங்காயத்தைத் தனியாக ஒதுக்கினார். "இது நிக்காது. நாளைக்கே சமையலுக்கு வித்துடணும். மத்தது ரெண்டு மூணு நாளு நல்லா காஞ்சா தப்பிச்சுக்கும்." கையெழுத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது?

ரூமுக்குத் திரும்பினதும் பையில் துணியை அடைத்தேன். "காலையில முதல் பஸ்ஸைப் பிடிச்சு மெட்ராஸ் போயிடலாங்க. நிலமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றேன். சேகர் "சரி" என்றார். காலையில் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது ராமசாமியிடமிருந்து போன். "எங்க இருக்கீங்க டீச்சர்? அண்ணி வந்து பத்திர ஆபீஸ் வாசல்ல உக்காந்திருக்காங்க."

ஓடினோம். தனலட்சுமி அக்கா நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்த மகளோடு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகள் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். செய்தி கீழப்பழுவூர் வரை போய்விட்டது என்று புரிந்தது.

"எங்கங்க கையெழுத்துப் போடணும்?" என்றார் அக்கா.

"அக்கா, நேத்து நான் செஞ்சதுக்கு..."

"அது நேத்து. உக்காருங்க." பக்கத்தில் இடம் விட்டார். "மொத வந்தவரு கெணத்த எட்டிப் பார்த்ததும் கேட்டது, 'இதுல என் பங்கு எவ்ளோ?' ரெண்டாவது வந்தவரு, 'ஏழாம் நாளு ஏன் சும்மா கெடக்கணும், அதயும் பிரிச்சுக்கலாமே'ன்னாரு. பங்குக் கெணத்துல இப்படிப்பட்டவங்களோட நான் தெனம் மல்லுக்கட்டணும். வூட்டுக்காரரும் இல்ல. நீங்க என்ன பண்ணீங்க? உங்க முறைத் தண்ணிய, யாரும் கேக்காமயே, என் வயலுக்கு விட்டீங்க."

"தப்பான நேரத்துல விட்டேன்."

"நேரந்தான் தப்பு, மனசு தப்பில்ல. நேரத்த நான் சொல்லித் தந்துடுவேன்." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். இப்படி ஒரு பைத்தியம் கெணத்துல பங்குக்கு இருந்தா, நான் சாகுற வரைக்கும் எனக்குத் தண்ணிச் சண்டை வராது."

என்னை இதற்குமுன்னும் பின்னும் எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். நல்லாசிரியர் என்று மேடையில் சால்வை போட்டிருக்கிறார்கள். எதுவும் இதற்கு உறைபோடக் காணாது.

ஈடு கட்டுகிறேன் என்று மறுபடி ஆரம்பித்தேன். "காசெல்லாம் வேணாம். நடவுக்கு வந்து உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். லீவு போட்டுவிட்டு இரண்டு நாள். தப்பித்த அந்த வெங்காயத்தைத்தான் நட்டோம். முதுகு ஒடிந்துவிட்டது. நான் நட்ட வரிசை எது என்று ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்குக்கூடத் தெரியும், அத்தனை கோணல்.

இது நடந்து சில வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் விருந்தாளி யாராவது வந்து நான் தண்ணீர்ச் சொம்போடு போனால், "அவங்க அறுவடைக்குக் காயறாங்களான்னு கேட்டுக்கோ" என்பார் சேகர். ஊரில் அதைவிட மோசம். வெங்காயத் தாள் சாய்கிற நாட்களில் நான் பஸ்ஸிலிருந்து இறங்குவது தெரிந்தால், "டீச்சர் வந்துட்டாங்க, மோட்டார் ரூமப் பூட்டு" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். தனலட்சுமி அக்கா நிஜமாகவே ஒரு பூட்டு வாங்கி மாட்டிவிட்டார். என் கிணறு, என் மோட்டார், என் பாதிப் பங்கு; சாவி அவர் இடுப்பில்.

போன மாசியில் மகளுக்குப் பிரசவம் என்று அவர் கீழப்பழுவூருக்கு அவசரமாகக் கிளம்பவேண்டி வந்தது. வெங்காயம் தாள் சாய்ந்து காய்ந்துகொண்டிருந்தது. ராமசாமி ஓசூரில். நானும் சேகரும்தான் வயலில் இருந்தோம். பஸ்ஸுக்கு ஓடினவர் பாதி வழியில் நின்றார். திரும்பி வந்து இடுப்பிலிருந்த சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "கரண்டுக்காரங்க பியூஸ் பார்க்க வருவாங்க. தொறந்து விடுங்க. நீங்கதான் இருக்கீங்க, வேற யாரு இருக்கா எனக்கு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான்கு நாள் லீவு போட்டு, அக்கா வீட்டிலேயே தங்கினோம். சாய்ந்து கிடந்த ஒவ்வொரு செடியும் என்னைப் பார்த்துத் தண்ணீர் கேட்டது. நான் வரப்பில் நிற்காமல் மோட்டார் ரூம் பக்கமே முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். சாவியைத் துப்பட்டா முனையில் முடிந்து, அந்த முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்கினேன்.

ஐந்தாம் நாள் பஸ் வந்து நின்றது. பேரன் பிறந்த சந்தோஷம் முகமெல்லாம். கையில் சர்க்கரைப் பை. நான் ஓடிப்போய்ச் சாவியை நீட்டினேன். அக்கா சாவியை வாங்கவில்லை. நேரே வயலுக்குள் இறங்கி, குனிந்து, இரண்டு விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். நிமிர்ந்து, விரலிலிருந்த காய்ந்த புழுதியை ஊதினார். அப்புறம்தான் பையிலிருந்து சர்க்கரையை எடுத்து என் வாயில் போட்டார்.

"நம்பாம இல்ல டீச்சர்" என்றார். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."